பழைய இரும்பைப் பதிவேட்டில் ஏற்றிய வக்கீல்

ரோமாபுரி என்றதும் நமக்கு நாணயம்தான் நினைவுக்கு வரும். கோவை, கரூர் பக்கங்களில் மண்ணுக்குள்ளிருந்து ரோமானியக் காசுகள் கிடைத்த கதையைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். அதே ரோமானியர் தங்கள் சாம்ராஜ்யத்தின் வடகோடியான ஸ்காட்லாந்தில் மண்ணுக்குள் விட்டுப் போனவற்றில் பெரும்பகுதி வேறு ரகம். ஆணி, கீல், கொண்டி, பூட்டு, சாவி, சம்மட்டி, குறடு, வண்டிப் பட்டா, கடையாணி. பெங்களூர் சிவாஜிநகரில் பழைய இரும்புக் கடைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குவியல் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் குவியலை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, துடைத்து, அளந்து, படம் வரைவித்து, எந்தக் குழியில் எத்தனை அடி ஆழத்தில் எதனோடு கிடந்தது என்று பதிவு செய்தவர் ஜேம்ஸ் கர்ல். தொழில் வக்கீல், ஊர் மெல்ரோஸ். 1862இல் பிறந்து 1944இல் காலமானார். நம் நாட்டில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஆனால் ரோமானிய எல்லைக் கோட்டைகளைத் தோண்டுகிறவர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்லாமல் வேலை செய்ய முடியாது.

மெல்ரோஸ், இங்கிலாந்து எல்லைக்குச் சற்று வடக்கே டிவீட் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். பாழடைந்த பழைய மடாலயம் ஒன்று அங்கே பிரசித்தம். நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட்டின் அபட்ஸ்போர்டு மாளிகையும் பக்கத்தில்தான். ஊருக்குத் தெற்கே ஈல்டன் என்ற மூன்று சிகரங்கள் கொண்ட குன்று. இதைப் பார்த்துத்தான் ரோமானியர் தங்கள் கோட்டைக்கு டிரைமான்டியம், அதாவது மூன்று மலை, என்று பெயர் வைத்தார்கள். கோட்டை இருந்த இடம் மெல்ரோஸை அடுத்த நியூஸ்டெட் கிராமத்து வயல்வெளி. கி.பி. 80 வாக்கில், ஆளுநர் அக்ரிகோலாவின் படையெடுப்பின்போது கட்டினார்கள். நூற்றாண்டு திரும்பிச் சில ஆண்டுகளில் விட்டுப் போனார்கள். 140 வாக்கில் திரும்பி வந்து, 180 வாக்கில் ஒரேயடியாகப் போய்விட்டார்கள். அதன்பின் பதினேழு நூற்றாண்டுகள் அங்கே ஏர்தான் ஓடியது.

அந்த மண்ணை முதலில் ஆழமாக வெட்டியவர்கள் ரயில்வேக்காரர்கள். (இதை எழுதுகிறவனும் ரயில்வே குமாஸ்தா என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க ஆசை.) 1846இல் எடின்பரோவிலிருந்து தெற்கே ஹாயிக் ஊருக்குப் பாதை போடுகையில், நியூஸ்டெட் அருகே மேட்டை வெட்ட வேண்டியிருந்தது. வெட்டிய இடத்தில் கறுத்து நாறும் மண் நிரம்பிய வட்டக் குழிகள் தலைகாட்டின. உள்ளே மிருக எலும்புகள், மான் கொம்புகள், உடைந்த பானைகள். ஒரு குழியில் மனித எலும்புக்கூடும் ஈட்டியும். ஜான் அலெக்சாண்டர் ஸ்மித் என்ற டாக்டர் ஒருவர் ஆர்வத்தோடு விசாரித்துத் தாம் அறிந்ததை எழுதி வைத்தார். ஆனால் மண் வெட்டும் கூலிக்காரர்களுக்கு எத்தனை கஜம் வெட்டினோம் என்பதுதான் கணக்கு. எந்தக் குழியில் எது கிடந்தது என்பதில் பெரும்பகுதி மண்ணோடு மண்ணாய்ப் போயிற்று. பாதை மட்டும் 1849இல் மெல்ரோஸைக் கடந்து ஹாயிக் வரை போய், 1862இல் கார்லைல் நகரை எட்டியது. அதாவது கர்ல் பிறந்த வருஷம். ஸ்காட்டின் நாவல் பெயரால் வேவர்லி பாதை என்று அதை அழைத்தார்கள்.

கர்ல் குடும்பம் மெல்ரோஸில் பரம்பரையாக வக்கீல் தொழில் செய்தது. ஜேம்ஸும் எடின்பரோவில் படித்துச் சட்டத் தொழிலில் நுழைந்தார். பத்திரம், உயில், நிலக் குத்தகை, எல்லைத் தகராறு: சிற்றூர் வக்கீலின் வேலை அதுதான். எல்லாவற்றிலும் தேதி வேண்டும், சாட்சி வேண்டும், எந்தக் காகிதம் எந்தக் கட்டில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பின்னாளில் குழிகளை அவர் கையாண்ட விதத்தைப் பார்க்கும்போது, இந்தப் பழக்கம் அவரோடு கூடவே வந்தது என்றுதான் தோன்றுகிறது.

பழம்பொருள் ஆசை இளமையிலேயே பிடித்துக்கொண்டது. பால்டிக் கடலில் சுவீடனுக்குச் சொந்தமான காட்லண்டு தீவுக்குப் போய் வைக்கிங் காலத்து நகைகளையும் கொக்கிகளையும் சேகரித்தார். 1890களின் தொடக்கத்தில் தம் ஊருக்கு அருகே போ, டார்வுட்லீ என்ற இரண்டு இடங்களில் பண்டைய வட்டக் கல்கோட்டைகளை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். டார்வுட்லீயில் ரோமானியப் பானை ஓடுகள் கிடைத்தன. நாட்டு மக்களின் கோட்டைக்குள் ரோமானியச் சாமான் எப்படி வந்தது என்ற கேள்வியை அவர் கடைசி வரை விடவில்லை.

1905இல் ஸ்காட்லாந்துப் பழம்பொருள் கழகம் நியூஸ்டெட்டைத் தோண்ட முடிவு செய்தபோது, பொறுப்பு உள்ளூர்க்காரரான கர்லிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 43. ஒரு பருவம் தோண்டினால் முடிந்துவிடும் என்று தொடங்கிய வேலை 1910 வரை நீண்டது. கழகத்தின் மேஸ்திரியான அலெக்சாண்டர் மாக்கி அன்றாடம் ஆட்களை மேய்த்தார். கர்ல், வக்கீல் தொழிலையும் விடாமல், இதையும் விடாமல் இழுத்துச் சென்றார்.

தரைக்கு மேல் பார்க்க அங்கே ஒன்றுமில்லை. கல்லை எல்லாம் ஊர்க்காரர்கள் எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். புதையல் குழிகளில்தான் இருந்தது. கோட்டைக்குள்ளும் வெளியிலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட குழிகளை அவர் திறந்தார். பல, தூர்ந்துபோன கிணறுகள். தலைமைக் கட்டடத்தின் முற்றத்தில் இருந்த முதல் குழியின் ஆழம் 25 அடிக்கு மேல். இருபதாம் லீஜன் படையைச் சேர்ந்த ஒரு செஞ்சூரியன் ஜூபிடர் தெய்வத்துக்கு வைத்த பலிபீடக் கல் அதற்குள் கிடந்தது. மனித எலும்புக்கூடும் இருந்தது.

இத்தனை நூற்றாண்டு இரும்பு எப்படித் தாங்கியது என்று வாசகர்கள் கேட்கலாம். துருப்பிடிக்க ஈரம் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். ஆழக் குழியின் அடிச் சேற்றில் காற்றுப் புகாது. அதனால்தான் மேல்மண்ணில் கிடந்த ஆணி பொடிப்பொடியாய் உதிர்கிறபோது, குழியின் அடியில் கிடந்த சம்மட்டி நேற்றுப் பட்டறையிலிருந்து வந்ததுபோல் எழுந்து வந்தது. மரமும் தோலும்கூட அழியவில்லை. பட்டாளத்தார் செருப்புகளோடு பெண்கள், குழந்தைகள் செருப்புகளும் கிடைத்தன.

நியூஸ்டெட் என்றால் பத்திரிகைகளுக்கு அன்று பிடித்துப்போனது குதிரை வீரர்களின் அலங்காரத் தலைக்கவசங்கள்தான். மனித முகம்போலவே செய்த முகமூடியோடு கூடிய இரும்புக் கவசம் ஒன்று, பித்தளைக் கவசங்கள் வேறு. இன்றும் எடின்பரோ அருங்காட்சியகத்தில் கூட்டம் நிற்பது அவற்றின் முன்னால்தான். கர்லும் அவற்றை மெச்சாமல் இல்லை. ஆனால் அவர் மற்றவற்றையும் அதே கவனத்தோடு எழுதினார்.

கொல்லன் சாமான்களையே எடுத்துக்கொள்வோம். அடைகல், சம்மட்டி, பலவகைக் குறடுகள், உளிகள். பட்டறையையே அப்படியே தூக்கிக் குழிக்குள் இறக்கியதுபோல் இருந்தது. பக்கத்திலேயே தச்சன் சாமான். பிறகு மண் வேலைக்கான கருவிகள்: கோடரி, ஒருபுறம் கோடரியும் மறுபுறம் குத்துமுனையுமாய் இருக்கும் பட்டாளத்துக் குந்தாலி, புல்தரையைப் பாளம் பாளமாக வெட்டி எடுக்கும் கத்தி. ரோமானியச் சிப்பாய் வாளைப் பிடித்த நாட்களைவிடக் குந்தாலியைப் பிடித்த நாட்கள்தான் அதிகம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

புல்லறுக்கும் அரிவாள்களும் கிடைத்தன. நம் கதிர் அரிவாள் மாதிரி இல்லை. நீண்ட மரப்பிடி மாட்டி நின்றபடியே வீசி அறுக்கும் பெரிய அரிவாள். கூடவே சின்னஞ்சிறு அடைகல்கள். வயலிலேயே தரையில் குத்தி வைத்து, மழுங்கிய அரிவாளின் விளிம்பை அதன்மேல் தட்டித் தட்டிக் கூராக்கிக்கொள்வார்கள். அடைகல் தரைக்குள் முழுகிவிடாமல் இருக்க அதன் காலில் இரும்புச் சுருள்கள் வைத்திருந்தார்கள். குதிரைப் படை இருந்த கோட்டை அல்லவா? குளிர்காலத்துக்கு வைக்கோல் சேர்க்காவிட்டால் குதிரை ஏது, படை ஏது? முகமூடிக் கவசம் அணிந்து ஊர்வலம் போன குதிரை, இந்த அரிவாளால் அறுத்த புல்லைத் தின்றுதான் நடந்தது.

வண்டிச் சக்கரம் இன்னொரு அதிசயம். ஒரு குழியில் சக்கரங்கள் முழுசாகவே கிடைத்தன. விட்டம் சுமார் மூன்றடி. குடம் ஒரு மரம், ஆரக்கால் வேறு மரம். வட்டை மட்டும் ஒரே ஒரு மரத்தை வளைத்துச் செய்தது. நம் ஊர் வண்டித் தச்சர்கள் துண்டு துண்டாக வட்டை அறுத்துப் பூட்டுவார்கள். அங்கே ஒரே துண்டு. அதன்மேல் இரும்புப் பட்டா. குடத்துக்கு இரும்பு வளையம், அச்சுக்குக் கடையாணி. கடையாணி கழன்றால் வண்டி குடைசாயும் என்பது எந்தத் தேசத்திலும் ஒன்றுதான். தண்டவாளத்தில் தினமும் சாவி தட்டிக்கொண்டு போகும் எங்கள் கீமேனைக் கேட்டால் இதை இன்னும் நன்றாகச் சொல்வார்.

பூட்டும் சாவியும் கர்லின் கண்ணுக்குத் தப்பவில்லை. எல்லையோரப் பட்டாள முகாமில் பூட்டுப் போட்டு வைக்கும் அளவுக்குச் சொந்தச் சாமான் இருந்தது, பக்கத்துப் படுக்கைக்காரனை முழுசாக நம்பவும் முடியவில்லை என்று அர்த்தம்.

1911இல் கிளாஸ்கோவில் அவர் புத்தகம் வெளியாயிற்று. ரோமானிய எல்லைக் காவல் நிலையமும் அதன் மக்களும் என்பது தலைப்பின் பொருள். மக்கள் என்ற சொல்லை அவர் சும்மா போடவில்லை. கோட்டைச் சுவரின் அளவோடு நிறுத்திக்கொண்ட அறிக்கைகள் அந்நாளில் சாதாரணம். கர்லோ ஜெர்மனியின் ரோமானிய எல்லைக் கோட்டைகளில் கிடைத்தவற்றோடு தம் சாமான்களை ஒப்பிட்டார். அங்கே சால்பர்க் போன்ற கோட்டைகளில் கிடைத்த பூட்டும் கருவியும் இங்கே கிடைத்தவற்றோடு ஒத்துப்போவதைக் காட்டினார். ரைன் நதிக்கரையிலிருந்து டிவீட் நதிக்கரை வரை ஒரே மாதிரிக் கடையாணி, ஒரே மாதிரிக் குறடு. சாம்ராஜ்யம் என்பது சட்டமும் சாலையும் மட்டுமா, இதுவும்தான்.

சிவப்பு மெருகுப் பாண்டங்களுக்கும் வடிவ வாரியாக எண் கொடுத்து அட்டவணை போட்டார். ரோமானியப் பானை ஓட்டைக் கையில் எடுக்கும் நிபுணர் எவரும் இன்றும் ஒரு குறிப்பிட்ட கிண்ணத்தைக் கர்ல் 11 என்றும் இன்னொன்றைக் கர்ல் 15 என்றும்தான் சொல்கிறார்கள். மனிதர் பெயர் கிண்ணத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். இவ்வளவு நல்ல இரும்புச் சாமானை யார், ஏன் குழிக்குள் போட்டார்கள்? அந்நாளில் இரும்பு மலிவுச் சரக்கு இல்லை. கல்லை உருக்கி, கரி எரித்து, அடித்து அடித்து எடுக்க வேண்டியது. உடைந்த துண்டைக்கூடக் கொல்லன் மறுபடி காய்ச்சி வேறொன்றாக்குவான். அப்படியிருக்க, அடைகல்லையும் சம்மட்டியையும் கிணற்றில் போடுவானேன்?

கர்ல் சொன்ன பதில் ஒரு வக்கீலுக்குத் தகுந்த நேரடிப் பதில். கோட்டைக்கு ஆபத்து வந்தது, அவசரமாய் வெளியேறினார்கள், தூக்கிச் செல்ல முடியாததைக் கிணற்றில் போட்டார்கள். சண்டையின் எச்சங்களும் அதற்குள் போய்ச் சேர்ந்தன. எலும்புக்கூடுகளும் ஆயுதங்களும் அந்த எண்ணத்துக்கு அனுசரணையாகவே இருந்தன.

அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பதிலுக்கு ஒரு புறத்தில் பலம் சேர்ந்தது. ஸ்காட்லாந்தின் இன்னும் வடக்கே இஞ்ச்டுதில் என்ற இடத்தில், முடியாமலே கைவிடப்பட்ட பெரிய ரோமானியப் பாசறை ஒன்றை 1952 முதல் 1965 வரை இயன் ரிச்மண்டும் செயின்ட் ஜோசப்பும் தோண்டினார்கள். 1960ஐ ஒட்டி, அதன் பட்டறைக் கட்டடத்துக்குள் ஒரு குழியில் ஆணிகள் கிடைத்தன. கொஞ்சநஞ்சமல்ல, சுமார் 8,75,000 ஆணிகள். எடை ஏறத்தாழ 7 டன். மேலே பல அடி மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். பகைவர் கையில் இரும்பு சிக்கினால் நாளைக்கு அதுவே ஈட்டியாகத் திரும்பி வரும் என்ற கணக்கு. மேலடுக்கு ஆணிகள் துருப்பிடித்து ஓடுபோல் இறுகி, உள்ளிருந்தவற்றைக் காப்பாற்றின. பலவற்றை இன்றும் சுவரில் அடிக்கலாம்.

ஆனால் நியூஸ்டெட் அப்படி ஒரே மூச்சில் மூடிய கிடங்கு இல்லை. மானிங் என்ற இரும்புப் பொருள் நிபுணர் 1972இல், பிரிட்டனில் நீர்நிலைகளிலும் கிணறுகளிலும் கிடைத்த இரும்புக் குவியல்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார். பல, தெய்வத்துக்குச் செய்த காணிக்கையாக இருக்கலாம் என்றார். 1976இல் ஆன் ராஸ், ஃபீச்சம் இருவரும் நியூஸ்டெட் குழிகளையே எடுத்துக்கொண்டு, நாய் எலும்பு, குதிரைத் தலை, முழுப் பாண்டம், கருவி ஆகியவை சேர்ந்து கிடப்பதைச் சுட்டி, இது வழிபாட்டுச் சடங்கு என்று வாதாடினார்கள். 1980களின் இறுதியில் பிராட்ஃபர்டு பல்கலைக்கழகத்தார் மீண்டும் தோண்டினார்கள். கோட்டையை விட்டுப் போகும்போது கிணற்றுத் தெய்வத்துக்குக் கொல்லன் தன் சம்மட்டியைச் செலுத்திவிட்டுப் போனானா, அல்லது பகைவன் கைக்குக் கிடைக்கக் கூடாதென்று தள்ளினானா? சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு என்னவோ, ஒரே பதில் நூறு குழிக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை. சில குப்பைக்குழியாகவும் இருந்திருக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கர்ல் தவறு என்று வாதாடியவர்கள் அத்தனை பேரும் கர்ல் எழுதி வைத்த பதிவேட்டை வைத்துத்தான் வாதாடினார்கள். எந்தக் குழி, என்ன ஆழம், எது மேலே, எது கீழே, எது எதனோடு என்று அவர் குழி வாரியாக எழுதியிருக்காவிட்டால், குதிரைத் தலையும் சம்மட்டியும் ஒன்றாய்க் கிடந்தது யாருக்குத் தெரியும்? 1846இல் ரயில் பாதைக்காக வெட்டிய குழிகளைப் பற்றி இன்று அந்த அளவுக்கு வாதாட முடியாது. கவசத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மீதியைப் பழைய இரும்பு இத்தனை மணங்கு என்று அவர் எழுதியிருந்தாலும் யாரும் அன்று குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பின்னாளைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்காட்லாந்தின் பழைமைச் சின்னங்களுக்கான ராயல் கமிஷனில் உறுப்பினராக இருந்தார். காட்லண்டு சேகரிப்பு 1921இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1932இல், எழுபதாவது வயதில், கோட்டைகளுக்கு வெளியே ஸ்காட்லாந்து மக்களின் இருப்பிடங்களில் கிடைத்த ரோமானியப் பொருள்கள் அனைத்துக்கும் ஒரு பட்டியல் வெளியிட்டார். டார்வுட்லீயில் நாற்பது வருஷத்துக்கு முன் தோன்றிய கேள்விக்கு அவர் எழுதிய பதில் அது.

தம்பி அலெக்சாண்டர் கர்லும் தொல்லியலில் பெரும்புள்ளி. எடின்பரோ அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர். 1919இல் டிராப்ரெயின் குன்றில் ரோமானிய வெள்ளிப் பாத்திரங்களின் பெரும் புதையலைக் கண்டெடுத்துப் பத்திரிகைகளில் தலைப்புச் செய்தியானார். தம்பிக்கு வெள்ளி, அண்ணனுக்கு இரும்பு என்று வீட்டுக்குள் வேடிக்கை பேசியிருப்பார்களோ என்னவோ.

ஜேம்ஸ் கர்ல் இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்கு முந்தின ஆண்டு மறைந்தார். குழிகளை வெட்டிக்கொண்டு போன வேவர்லி ரயில் பாதையும் 1969 ஜனவரியில் மூடப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். 2015 செப்டம்பரில் எடின்பரோவிலிருந்து டிவீட்பேங்க் வரை மறுபடி ரயில் விட்டார்கள். மெல்ரோஸுக்கு இரண்டு மைலுக்குள் அது நின்றுவிடுகிறது. அங்கே இறங்கி நடந்து போகிறவர்கள் மெல்ரோஸில் உள்ள டிரைமான்டியம் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். சம்மட்டிகளையும் சக்கரத்தையும் பார்க்க வேண்டுமானால் எடின்பரோவுக்கே திரும்ப வேண்டும்.